முக்கால் அங்குலம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கிரைண்டரால் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டு கிரைண்டரின் அச்சு தேய்ந்து, மாவு அரைக்கும்போது கல் தள்ளாட ஆரம்பித்திருந்தது. பெரிய காஞ்சிபுரத்தில் ஷரீஃப் பாயின் லேத்துப் பட்டறைக்கு அச்சை எடுத்துக்கொண்டு போனேன். புது அச்சு கடைந்து முடிக்கும்வரை உட்கார ஒரு ஸ்டூல் போட்டார். எதிர்ச் சுவரில், ஆணியில், இரண்டு அலுமினிய வட்டுகள் மாட்டியிருந்தன. சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியவை. நடுவில் பெரிய ஓட்டை, சுற்றிலும் ஆறு சின்ன ஓட்டைகள். கடைசல் அவ்வளவு சுத்தம். முகம் பார்க்கலாம்போல் இருந்தது.

"இது என்ன பாய்?"

"அதுவா? ஸ்பேசர் சார். வண்டியில அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல வெக்கிறது. சக்கரம் கொஞ்சம் வெளிய தள்ளி நிக்கும்" என்றார். லேத்தை நிறுத்தாமலே, "அது விக்கிறதுக்கு இல்ல" என்றார்.

நான் விலை கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு ஒருவர் பதில் சொன்னால், எழுதுகிறவன் அந்த ஸ்டூலைவிட்டு எழுந்து போவதில்லை.

2

முதல் வரியைப் பல தடவை எழுதிப் பார்த்தேன். அடித்தவற்றில் மூன்றை இங்கே விட்டுவைக்கிறேன்.

தாவீதின் வண்டி பின்பக்கம் ஒடுங்கியிருந்தது, அவன் வாழ்க்கையைப்போலவே, — [வேண்டாம். வண்டி மட்டும்தான் ஒடுங்கியிருந்தது.]

பாலாற்றுப் பாலத்துக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால் ஒரு ஸ்கூட்டர் சரேலென்று குறுக்கே வந்து — [படிக்கிறவரைச் சட்டையைப் பிடித்து இழுக்கிற வேலை. அந்த ஸ்கூட்டர் அதன் நேரத்துக்கு வரட்டும்.]

எஸ்தருக்குப் பிறவியிலேயே ஒரு கால் குட்டை. இடது செருப்பின் அடியில் அரை அங்குலம் தோல் வைத்துத் தைத்து — [முழுப் பொய். தாவீதின் மனைவி எஸ்தருக்கு இரண்டு காலும் சமம். என்னைவிட வேகமாக நடப்பவர். வண்டியின் கோணலுக்கு ஜோடியாக ஒரு மனிதக் கால் கிடைத்தால் கதைக்கு ஆழம் வந்துவிடும் என்று ஒரு சாயங்காலம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.]

ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

3

தாவீதுக்கு* நாற்பத்தாறு வயது. ஊர் கூரம் பக்கத்துக் காலனி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவர் சின்ன வயதிலேயே லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, கடைசியில் சொந்தமாக ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கினார். கல்யாண மண்டபங்களுக்கு நாற்காலியும் சமையல் பாத்திரமும் ஏற்றிப்போவதுதான் தொழில்.

[* முதல் பிரதியில் இவரை 'அவன்' என்றுதான் எழுதியிருந்தேன். மேலே அடித்த வரியில் நீங்களே பார்த்திருப்பீர்கள். "ஷரீஃபுக்கு அவர் போடுறீங்க, பின்னால வர்ற ஜான்சனுக்கு அவர் போடுறீங்க, இவருக்கு மட்டும் ஏன் அவன்?" என்று என் மனைவி கேட்டாள். திருத்திவிட்டேன். அடித்த வரியில் மட்டும் அப்படியே இருக்கட்டும்.]

அந்த வண்டி முந்தைய ஓனரிடம் இருந்தபோது எதிலோ மோதியது. பின் அச்சு வளைந்துபோக, பழைய மாடல் ஒன்றிலிருந்து கழற்றிய அச்சை அவர் மாட்டிவிட்டார். அது அகலம் கம்மி. அதனால் பின் சக்கரங்கள் இரண்டும் முன் சக்கரங்களைவிடப் பக்கத்துக்கு ஒரு அங்குலம் உள்ளடங்கி நின்றன. ஓட்டத்தில் குறை ஒன்றுமில்லை. தாவீது மூன்று வருஷமாக அதைப் பொருட்படுத்தியதே இல்லை.

அவர் மகள் திரிஷா ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்த்தாள். அவளைப் பெண் கேட்டுத் திருமுக்கூடலிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் ஜான்சனும் வந்திருந்தார். அவரிடம் புது வண்டிகள் மூன்று ஓடுகின்றன. எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும்போது, வாசலில் நின்ற பிக்கப்பின் பின்னால் போய் ஜான்சன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னா சம்பந்தி, உங்க வண்டி இப்டி கால இடுக்கிக்கினு நிக்குது? ஒண்ணுக்கு வந்துடுச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. தாவீதும் சிரித்தார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சிரித்தார்.

மறுநாள் காலை வண்டியைக் கழுவும்போது அவரும் பின்னால் போய் நின்று பார்த்தார். அதற்கப்புறம் அவரால் வேறு எதையும் பார்க்க முடியவில்லை. சிக்னலில் முன்னால் நிற்கிற ஒவ்வொரு வண்டியின் பின் சக்கரத்தையும் அளந்துகொண்டிருந்தார். மண்டபத்தில் நாற்காலி இறக்கும்போது, வண்டியின் பின்பக்கம் சுவரைப் பார்க்கிற மாதிரி திருப்பி நிறுத்தினார்.

4

நிச்சயதார்த்தம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஷரீஃப் ஜும்மா முடிந்து வந்து பட்டறையைத் திறந்தபோது, வாசலில் தாவீது வண்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"பாய், பின் சக்கரம் ரெண்டும் ஒரு அங்குலம் வெளிய வரணும்."

ஷரீஃப் குனிந்து, சக்கரம் பிடிக்கிற போல்ட்டுகளை அளந்தார். "ஒரு அங்குலம் ஆவாது தாவீது. நடுவுல அவ்ளோ கனமா வட்டு வெச்சா போல்ட்டு எட்டாது. நட்டு எதப் புடிச்சிக்கினு நிக்கும்? அரை அங்குலம் போட்டுத் தர்றேன்."

"அரை அங்குலம் போட்டா கண்ணுக்கே தெரியாதே பாய்."

"அப்போ நீள போல்ட்டு வரவெச்சி மாத்திட்டுப் போடலாம். செவ்வாக்கெழம ஆயிடும்."

"செவ்வாக்கெழம எனக்கு எதுக்கு பாய்? ஞாயித்துக்கெழம நம்ம வண்டிதான் முன்ன போவுது. அவங்க எல்லாரும் வாசல்ல நின்னு பாப்பாங்க."

ஷரீஃபின் மனைவி ஜஹனாராவுக்கு மூச்சு முட்டிய ஒரு மத்தியானம், ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல், ஏற்றிய நாற்காலிகளைத் தெருவிலேயே இறக்கிப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் தாவீது. ஜஹனாரா இப்போதும் நன்றாக இருக்கிறார். அந்த உதவியைத் தாவீது ஒரு நாளும் பேச்சில் எடுத்ததில்லை. எடுத்திருந்தால் ஷரீஃபுக்கு மாட்டேன் என்று சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

ஷரீஃப் தன் மகள் ஆஷிஃபாவுக்குப் போன் போட்டார். அவள் மெக்கானிக்கல் படித்துவிட்டு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்களைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறாள். "கம்பெனி லைன்ல நிக்கறேன் அத்தா, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். அப்புறம் பேசவில்லை. மறந்துபோனாள்.

[இதை நான் முதலில் எழுதவில்லை. முதல் பிரதியைப் படித்துவிட்டு ஆஷிஃபாதான் எழுதச் சொன்னாள். "உங்க கதைல நான் ரொம்ப நல்லவளா வர்றேன் சார். எரிச்சலா இருக்குது. அத்தா போன் பண்ணாரு, நான் கட் பண்ணேன். அதையும் போடுங்க."]

"முக்கால்" என்றார் ஷரீஃப் கடைசியில். "அதுக்கு மேல கேக்காத."

இரண்டு வட்டுகளைக் கடைந்து மாட்டினார். நட்டுகளை முழு பலத்தோடு இறுக்கினார். "இருபது கிலோமீட்டர் ஓட்டினதும் ஒரு தபா இறுக்கிடு. மறந்துடாத." தாவீது தலையாட்டிக்கொண்டே தெருவின் எதிர்ப்பக்கம் போனார். அங்கிருந்து பார்த்தார். இன்னும் நாலடி பின்னால் போய்ப் பார்த்தார். பட்டுக்கடைக்கு வந்த ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்து அவரை ஒதுங்கச் சொன்னது. அவருக்குக் காதில் விழவில்லை. வண்டி நான்கு சக்கரத்திலும் சமமாக, கால் அகட்டி, உடம்பை நிமிர்த்தி நின்றது.

5

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கிளம்பினார்கள். முன் சீட்டில் தாவீதும் திரிஷாவும். பின்னால் வரிசைத் தட்டுகளோடு எஸ்தர், சொந்தக்காரப் பெண்கள், குழந்தைகள் என்று பத்தொன்பது பேர்.*

[* சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தப்பு. தாவீதுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கதைக்காக அவர்களை ஒரு வேனுக்கு மாற்றிப் பார்த்தேன். வேனில் ஏற்றியதும் இந்தக் கதைக்கு வேலையே இல்லாமல் போனது.]

ஆஷிஃபாவுக்கு அன்று வார விடுமுறை. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் மேஜைமேல் அளவுக்காக வைத்திருந்த பழைய போல்ட்டையும் நட்டையும், சீட்டில் எழுதியிருந்த கணக்கையும் பார்த்தாள். வட்டின் கனத்தையும் சக்கரத் தகட்டின் கனத்தையும் கழித்தாள். மிச்சமிருந்த நீளத்துக்கு நட்டை விரலால் சுற்றிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதோடு போல்ட்டின் மரை முடிந்துவிட்டது.

"எட்டு சுத்தாவது ஏறணும் அத்தா. நாலு சுத்துல மாட்டி அனுப்பியிருக்கீங்க."

"தெரியும்" என்றார் ஷரீஃப்.

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பேசிக்கொள்ள நேரமில்லை. ஏழு தடவை தாவீதுக்குப் போன் அடித்தாள். போன் எஸ்தரின் கைப்பையில், தட்டுகளுக்கு அடியில் இருந்தது. ஆஷிஃபா ஸ்கூட்டரை எடுத்தாள். ஷரீஃப் மடியில் ஸ்பேனரோடு பின்னால் உட்கார்ந்தார். இருபத்தைந்து வருஷமாகப் பட்டறையைவிட்டு அவசரமாக வெளியே போகாத மனிதர், வாலாஜாபாத் ரோட்டில் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, முன்னால் போகிற ஒவ்வொரு வண்டியின் பின் சக்கரத்தையும் எட்டிப் பார்த்துக்கொண்டே போனார்.

பழையசீவரம் தாண்டி, பாலாற்றுப் பாலத்துக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால் பிடித்தார்கள்.

"அங்கிள், ஓரங்கட்டுங்க! எல்லாரையும் எறக்குங்க!"

"இன்னாம்மா ஆச்சி? நிச்சயத்துக்குப் போய்க்கினு இருக்கோம்."

"எறங்குங்க அங்கிள், சொல்றேன்."

இடது பின் சக்கரத்தின் ஆறு நட்டுகளில் ஒன்றைக் காணோம். இரண்டை ஷரீஃப் விரலாலேயே கழற்றினார். மூன்று மட்டும் பிடித்துக்கொண்டிருந்தன. தாவீது ஜாக்கியை எடுத்துப் போட்டார். ஸ்பேசர்களை உருவிவிட்டு, சக்கரங்களைப் பழையபடி மாட்ட நாற்பது நிமிஷம் ஆயிற்று. காணாமல்போன நட்டுக்குப் பதில் ஷரீஃப் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பெண்கள் புளியமரத்தடியில் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எஸ்தர் அந்தச் சக்கரத்தின் பக்கத்தில் வந்து நின்றார்.

"பத்தொம்போது பேரு பின்னாடி இருந்தோம்" என்றார். அவ்வளவுதான். போய் ஏறிக்கொண்டார்.

ஸ்பேசர் இல்லாத வண்டி, பழையபடி காலை இடுக்கிக்கொண்டு திருமுக்கூடல் போய்ச் சேர்ந்தது. ஜான்சன் வாசலில்தான் நின்றிருந்தார். வண்டியின் பின்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. லேட்டானதற்குக் கோபித்துக்கொண்டு, ஓடி வந்து குழந்தைகளைத் தூக்கி இறக்கினார். நிச்சயம் நல்லபடி முடிந்தது. வைகாசியில் கல்யாணமும் ஆயிற்று.

6

இங்கேயே முடித்திருக்கலாம். நானும் முடித்துத்தான் வைத்திருந்தேன். அதே கிரைண்டர் அச்சைச் சரிபார்க்க இரண்டாம் தடவை பட்டறைக்குப் போனபோது ஆஷிஃபா ஒரு வார்த்தை சொன்னாள்.

"ஒரு நட்டு விழுந்து ரெண்டு லூசாச்சின்னா சத்தம் வரும் சார். டக் டக்குன்னு. ஸ்டீயரிங்க்கே தெரியும். டிரைவருக்குக் கேக்காம இருக்காது."

"கேட்டிருக்காது" என்றார் ஷரீஃப், லேத்தைப் பார்த்துக்கொண்டே. "கேட்டிருந்தா நிறுத்தியிருப்பான். தப்பு என்னுது. முடியாதுன்னு ஒரு வார்த்த நான் சொல்லியிருக்கணும்."

வீட்டுக்கு வந்து இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் விதம்: ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. பின்னால் பெண்கள் கீர்த்தனை பாடிக்கொண்டு வந்தார்கள். தாவீதுக்கு எதுவும் கேட்கவில்லை. — [நடந்திருக்கலாம். ஆனால் இதை எழுதும்போது என் கை அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டது. எனக்குப் பிடிக்கவில்லை.]

இரண்டாம் விதம்: வாலாஜாபாத்துக்குள் நுழையும்போது தாவீதுக்கு முதல் சத்தம் கேட்டது. கல் ஒன்று டயரில் மாட்டியிருக்கும் என்று நினைத்தார். கடைத்தெரு தாண்டியதும் மறுபடி கேட்டது. கல் இல்லை என்று தெரிந்தது. பெட்ரோல் பங்க் வந்ததும் பார்க்கலாம் என்றார் மனதுக்குள். பெட்ரோல் பங்க் வந்தது, போனது. பாலம் வரட்டும் என்றார். இன்னும் எட்டு கிலோமீட்டர். இறங்கி ஸ்பேசரைக் கழற்றினால் வண்டி பழைய வண்டி ஆகிவிடும். அந்த வாசலில் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு நிமிஷம் இந்த வண்டி இப்படி நிற்கட்டும். வேகத்தைக் குறைத்தார். பின்னால் இருப்பவர்களை எண்ணாமல் இருக்க முயன்றார். எண்ணாமல் இருக்க —

[இங்கே நிறுத்தினேன். ஒரு மனிதர்மேல் இதை ஏற்றி வைக்க எனக்கு என்ன உரிமை?]

உரிமை இருக்கிறதா என்று அவரிடமே கேட்பது என்று முடிவு செய்தேன்.

7

தாவீது வண்டியின் பின்கதவைத் திறந்துபோட்டு, அதில் என்னை உட்காரச் சொன்னார். அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார் என்பதால், நானே வாசித்தேன். கிரைண்டரிலிருந்து ஆரம்பித்தேன். ஜான்சன் வரும் இடத்தில் சிரித்தார். ஷரீஃப் வரும் இடத்தில் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டாம் விதத்தை வாசித்து முடித்தபோது அவர் கையிலிருந்த டீ ஆறிப்போயிருந்தது.

"யாரு சொன்னாங்க சார்?"

"யாரும் சொல்லல. நானா எழுதினது. தப்பா இருந்தா அடிச்சிடறேன்."

டீயைக் கீழே ஊற்றிவிட்டு டம்ளரை ஓரமாக வைத்தார்.

"வாலாஜாபாத் இல்ல சார்" என்றார். "அதுக்கும் முன்னயே. அய்யம்பேட்டை."

தாள்களை மடியில் வைத்துக்கொண்டேன்.

"எஸ்தரு உள்ள இருக்கான்னு தெரியும். என் தங்கச்சி புள்ளைங்க இருக்குதுங்கன்னு தெரியும். தெரிஞ்சிதான் ஓட்டினேன். நெதம் நெனச்சிக்கினுதான் இருக்கேன். யார்கிட்டயும் சொன்னதில்ல." மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டார். "பாப்பா பக்கத்துலதான் உக்காந்துக்கினு இருந்தா. அவளுக்குக் கேக்கல. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல். அவ இத படிக்க வேணாம் சார்."

சரி என்றேன்.

8

ஒரு வாரம் கழித்துத் திரிஷா போன் செய்தாள். நான் அப்பாவைப் பார்க்க வந்ததை அம்மா சொன்னாராம்.

"அந்த வண்டி கதையா எழுதறீங்க சார்?"

"ஆமாம்மா."

"அப்பாவ தப்பா எழுதிடாதீங்க. அவருக்கு எதுவும் தெரியாது. கேட்டிருந்தா நிறுத்தியிருப்பாரு." மறுமுனையில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்தினாள். "எனக்குக் கேட்டுச்சி சார். என் பக்கத்து சக்கரம்தான அது. நான்தான் பாட்டு சவுண்ட ஏத்தி வெச்சேன்."

"ஏம்மா?"

"அன்னிக்குக் காலைல அப்பா வண்டிக்குப் பின்னாடி நின்னு பாத்துக்கினு இருந்தாரு. நான் ஜன்னல்ல இருந்து பாத்தேன். அப்டி ஒரு சிரிப்ப அவர் மூஞ்சில நான் பாத்ததே இல்ல. வண்டிய நிறுத்தினா அது போயிடும்னு தோணிச்சி. அவ்ளோதான் சார் தோணிச்சி. பின்னாடி அம்மா இருக்காங்கன்னு தோணல. இப்போ தெனமும் தோணுது."

பேனாவை மூடி வைத்தேன்.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சார். அவருக்குக் கேக்கலங்கறதுலதான் நான் நிம்மதியா இருக்கேன்."

அதற்கும் சரி என்றேன்.

9

ஆக, இரண்டு பேருக்கு இரண்டு வாக்கு கொடுத்துவிட்டு இதை எழுதி முடித்திருக்கிறேன். ஏழாம் பகுதியை எடுத்துவிட்டால் மகள் தனியாகச் சுமக்கிறாள். எட்டாம் பகுதியை எடுத்துவிட்டால் அப்பா தனியாகச் சுமக்கிறார். இரண்டையும் எடுத்துவிட்டால் ஜான்சனின் கேலியும் ஒரு ஸ்கூட்டரும் மட்டும்தான் மிச்சம். இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்து ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். இருவரும் அழுதார்கள், கட்டிக்கொண்டார்கள், எஸ்தர் காபி கொண்டுவந்தார். கிழித்துப் போட்டேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் காட்டுவதாகத் தாவீதிடம் சொல்லியிருந்தேன். நேற்று ஒன்பது பகுதியில் எட்டை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். பையில் தனியாக ஏழுவரைக்கும் ஒரு பிரதி வைத்திருந்தேன். எதைக் கொடுப்பது என்று அங்கே போய் முடிவு செய்யலாம் என்று நினைப்பு.

"எஸ்தரம்மா வாசிச்சிக் காட்டட்டும்" என்றேன்.

"அவளுக்குக் கண்ணாடி இல்லாம எழுத்து தெரியாது சார். கண்ணாடி ஒடஞ்சி கெடக்குது. பாப்பா ஞாயித்துக்கெழம வர்றா. அவ வாசிப்பா. எனக்கு எப்பவும் அவதான் வாசிக்கிறது."

"அவ படிக்க வேணாம்னு நீங்கதான சொன்னீங்க?"

வண்டிக்குள் எதையோ தேடுகிறவர்போலக் குனிந்திருந்தார். "சொன்னேன்" என்றார். "பரவாயில்ல சார். படிக்கட்டும்."

எட்டு பகுதியும் இருந்த உறையையே கொடுத்தேன். அது எப்படியும் அவள் கைக்குத்தான் போகப்போகிறது என்பதால்.

இன்று வியாழன். ஞாயிற்றுக்கிழமை அவள் வருவாள், உறையைப் பிரிப்பாள், உரக்க வாசிக்க ஆரம்பிப்பாள். ஏழாம் பகுதியில் அப்பாவின் வார்த்தைகளை அப்பாவுக்கே அவள் குரலில் வாசிக்க வேண்டியிருக்கும். அது முடிகிற இடத்தில் தாளும் முடிகிறது. அடுத்த தாளைப் பார்த்ததும் அதில் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரிந்துவிடும். "அவ்ளோதான்பா, முடிஞ்சிடுச்சி" என்று சொல்லி அதை மடித்து வைத்துக்கொள்ளலாம். அவருக்குத் தெரியப்போவதில்லை. அல்லது, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "எட்டு" என்று வாசிக்கலாம்.

நீங்கள் இதை அச்சில் படிக்கிறீர்கள் என்றால், அந்த வீட்டிலிருந்து யாரோ எனக்குச் சரியென்று சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொன்னவர் எந்தப் பகுதிவரை கேட்டுவிட்டுச் சொன்னார் என்பதை நான் எழுதப்போவதில்லை.